சீன வைத்தியத்தின் முதற்பாடம்

சீன வைத்தியத்தைப் புதிதாகக் கற்றுக் கொள்ள விரும்புகின்றவர்களுக்கு ஆரம்ப வகுப்பு என்பதாக ஒன்று இப்பொழுது பல தேசங்களிலும் நடத்தப்பட்டு வருகின்றது. சில இடங்களில் சில வாரங்களிலும், சில இடங்களில் சில மாதங்களிலும் அது முடிந்து விடுகின்றது. நேரில் போக முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடியே கைபேசியில் பாடம் கேட்டுக் கொள்ளலாம். முடிவில் ஒரு சான்றுப் பத்திரமும் கைக்கு வந்து சேரும். நம் ஊர்களிலுங்கூட அக்குபங்சர் என்னும் ஊசி வைத்தியத்தின் விளம்பரப் பலகைகள் தொங்குவதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். ஆதலால், இந்த வைத்தியம் பிறந்த சீன தேசத்திலேயே அதன் சரித்திரம் எப்படி நடந்து வந்திருக்கின்றது என்பதையும், அதைக் கற்கப் போகின்ற ஒருவனுக்கு முதற்பாடம் எதுவாக இருக்க வேண்டும் என்பதையும் பற்றிச் சிறிது எழுதலாம் என்று கருதுகின்றோம்.

முதலாவது, அவ்வகுப்புகளில் சொல்லிக் கொடுப்பதுதான் என்ன? எடுத்த எடுப்பில் 'யின்', 'யாங்' என்ற இரண்டு. ஒரு மலையின் நிழல் பக்கத்திற்கும் வெயில் பக்கத்திற்கும் வழங்கிய இந்தப் பெயர்களே, பிறகு குளிர்ச்சி, சூடு, பெண், ஆண், இரவு, பகல் என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் இரண்டாகப் பங்கிடுவதற்குப் பயன்பட்டன. அதற்கு அடுத்தபடி மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து. கல்லீரல் மரத்தைச் சேர்ந்ததாம், இருதயம் நெருப்பாம், மண்ணீரல் மண்ணாம், நுரையீரல் உலோகமாம், சிறுநீரகம் நீராம். அதற்கும் மேலாக 'சி' என்கின்ற உயிர்ச்சக்தி ஒன்று 12 பிரதான பாதைகளில் உடல் முழுவதும் ஓடுகின்றதாம். உடலின் மேல் 361 இடங்களில் ஊசி குத்தலாமாம். ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தும், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தும், உள்ளே எந்த உறுப்பில் என்ன குறை என்று சொல்லி விடலாமாம். இவற்றிற்கெல்லாம் ஆதாரம் என்னவென்றால், சுமார் 2000 வருஷங்களுக்கு முன் தொகுக்கப்பட்டதும், மஞ்சள் பேரரசர் என்னும் புராண அரசர் ஒருவரின் பேரால் வழங்குவதுமான ஒரு புத்தகம்.

இதைக் கேட்ட மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பானானால், அவ்வகுப்பில் அவனுக்குக் கிடைக்கக் கூடிய சமாதானம் என்ன? நம் நாட்டுப் பழைய வைத்திய நூல்களிலும் ஐந்து பூதங்கள் உண்டு. ஆனால் அவை நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். அந்த ஐந்தில் மரமும் இல்லை, உலோகமும் இல்லை. கிரேக்கர்களுக்கோ நான்குதான். மூன்று தேசத்தாரும் தங்கள் தங்கள் கணக்கைச் சர்வ நிச்சயமாகவே சொன்னார்கள். சீனனுடைய ஈரல் மரத்தில் சேர்ந்ததாகவும், கிரேக்கனுடைய ஈரலுக்கு மரத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாததாகவும் இருக்க முடியுமா? உடலை அறுத்துப் பார்த்தவர்கள் இரத்தக் குழாயைக் கண்டார்கள், நரம்பைக் கண்டார்கள். அந்தப் பன்னிரண்டு பாதைகளை மாத்திரம் எவரும் கண்டு காட்டியதில்லை.

இப்படிக் கேட்டால், "பல ஆயிர வருஷங்களாக அறுபடாமல் வந்த வித்தையல்லவா? கோடிக்கணக்கான மக்கள் முட்டாள்களா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. சீனர்களே சொல்லி இருக்கின்றார்கள்.

1797ஆம் வருஷத்தில் வட சீனாவில் ஒரு கொள்ளை நோய் பரவிக் குழந்தைகள் ஏராளமாய்ச் செத்தன. ஏழைகள் தங்கள் குழந்தைகளை ஆழமில்லாத குழிகளில் பாயில் சுற்றிப் போட்டுவிட்டுப் போக, நாய்கள் தோண்டி வெளியில் இழுத்தன. அவ்வழியே வந்த வாங் சிங்ரன் என்ற சீன வைத்தியர் மூக்கைப் பிடித்துக் கொண்டு ஓடவில்லை. பத்து நாட்கள் தினந்தோறும் காலையில் அந்த இடுகாட்டிற்குப் போய், அப்பிரேதங்களின் உள்ளுறுப்புகளைக் கண்ணால் பார்த்தார். பழைய நூல்களில் வரைந்திருந்த படங்களுக்கும் தாம் கண்டதற்கும் பொருத்தமில்லை என்று தெரிந்து கொண்டார். பிறகு பல வருஷங்கள் விசாரித்து, 1830இல் வைத்திய நூல்களின் பிழைகளைத் திருத்துவதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். நினைப்பது இருதயம் அல்ல, மூளைதான் என்று அதில் எழுதினார். அவர் சொன்னதிலும் தவறுகள் உண்டு. ஆனாலும், முன்னோர் எழுதியது சரியா என்று கண்ணால் பார்ப்போம் என்கின்ற எண்ணம் வந்ததே, அதுதான் பெரிது.

அறுபடாத வித்தை என்பதும் பொய்யேயாகும். 1822இல் சீனப் பேரரசரே தமது அரண்மனை வைத்தியக் கழகத்தில் ஊசி வைத்தியத்திற்கென்று இருந்த பிரிவை எடுத்து விட்டார். அரசனுடைய உடம்பில் ஊசி குத்துவதும் சூடு போடுவதும் தகாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

சீனாவின் பேர் பெற்ற எழுத்தாளர் லூ சுன் சிறுவனாய் இருந்தபொழுது அவர் தகப்பனார் நோயில் கிடந்தார். வீட்டுச் சாமான்களை அடகு வைத்து வைத்தியருக்குப் பணம் கொடுத்தார்கள். வைத்தியர் கேட்ட சரக்குகளைப் பாருங்கள். ஒரு ஜோடி சில்வண்டு வேண்டுமாம். அதுவும் முதன் முதலில் ஒன்றோடொன்று சேர்ந்த ஜோடியாகவே இருக்க வேண்டுமாம்! அதாவது மறுமணம் செய்து கொண்ட சில்வண்டு மருந்துக்கு உதவாது. பிறகு நோயாளிக்கு உடம்பு வீங்கிற்று. அந்த வீக்கத்திற்குச் சீனத்தில் மத்தளத்தின் பேர் உண்டு. ஆகவே, கிழிந்து போன பழைய மத்தளத்தின் தோலை மாத்திரையாக்கிக் கொடுத்தால் மத்தள வீக்கம் உடைந்து போகும் என்று அதையும் கொடுத்தார்கள். பேரும் பேரும் பொருந்திற்று. நோய்க்கு மாத்திரம் பொருந்தவில்லை. 1896இல் தகப்பனார் இறந்து போனார். மகன் 1904இல் மருத்துவம் படிக்க ஜப்பானிலுள்ள செண்டாய் நகரத்திற்குப் போனார். அந்தப் படிப்பை அவர் முடிக்கவில்லை. ஆனால் தகப்பனாரை இழந்த கதையை 1926இல் எழுதி, ஒரு தேசத்தார் முழுவதையும் யோசிக்க வைத்தார்.

இவ்விதம் யோசித்தவர்களில் சிலர் அடுத்த எல்லைக்கும் போனார்கள். ஜப்பானில் மருத்துவம் கற்று வந்த யூ யுன்ஷியூ என்பவர், பழைய வைத்தியத்தையே சட்டத்தினால் ஒழித்து விட வேண்டும் என்று 1929இல் அரசாங்கத்தின் சுகாதார மகாநாட்டில் தீர்மானம் கொண்டு வர, அதுவும் நிறைவேறிற்று. அவ்வருஷம் மார்ச்சு 17இல் பழைய வைத்தியர்கள் ஷாங்காயில் கூடிக் கிளர்ச்சி செய்ய, அரசாங்கம் பின்வாங்கிக் கொண்டது. நம்மைக் கேட்டால் அத்தீர்மானமும் சரியானதல்ல என்றுதான் சொல்வோம். நாட்டில் லட்சோப லட்சம் கிராமங்களுக்கு வேறு டாக்டர் கிடையாதபொழுது, இருப்பதைப் பிடுங்குவதால் யாருக்கு லாபம்? அன்றியும், ஒரு மருந்து பொய்யா மெய்யா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது போலீசும் அல்ல, தேசாபிமானமும் அல்ல. பரீட்சைதான் அதைத் தீர்மானிக்க வேண்டும்.

நிற்க, இன்று ஆரம்ப வகுப்புகளில் போதிக்கப்படும் சீன வைத்தியம் என்னும் ஒரே கட்டுக்கோப்பான பாடம் எப்பொழுது உண்டாயிற்று? ஊருக்கு ஒரு விதமாயும், குருவுக்கு ஒரு விதமாயும், ஒன்றுக்கொன்று முரணாயும் கிடந்தவைகளைத் திரட்டி, புதிய சீன அரசாங்கம்தான் 1950களில் பாடத்திட்டமாக்கியது. 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் அதற்கென்று கல்லூரிகள் திறக்கப்பட்டன. போதுமான டாக்டர்கள் இல்லாத குறைக்கு அது ஒரு வழியாகவும் இருந்தது. ஆனால் இந்த வைத்தியத்தை வளர்க்கச் சொன்ன தலைவர் மாவோ, தமக்கு அதில் நம்பிக்கையில்லை என்று தம்மிடம் சொன்னதாக, அவருடைய சொந்த டாக்டராக இருந்த லீ ஜிஸூய் 1994இல் வெளிவந்த தமது நூலில் எழுதி இருக்கின்றார். அது உண்மையானால், ஊருக்கு ஒரு மருந்து, தலைவருக்கு வேறு மருந்து என்பதுதானே அதன் அர்த்தம்? எந்தத் தேசமானாலும், தலைவர்கள் மக்களுக்குச் சிபாரிசு செய்கின்ற மருந்தைத் தாங்கள் உட்கொள்ளுகின்றார்களா என்று பார்ப்பது மக்களுக்கு நல்லது.

இதனால் சீனர்களுக்கு ஒன்றும் தெரியாது, வெள்ளைக்காரர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நாம் சொல்லுவதாக யாரும் கருத வேண்டியதில்லை. 1910ஆம் வருஷக் கடைசியில் மஞ்சூரியாவில் ஒரு பிளேக் கிளம்பிச் சுமார் 60,000 பேரைக் கொன்றது. பினாங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்த வூ லியன்-டே என்ற சீன டாக்டர் ஹார்பினுக்குப் போய், பிரேதத்தை அறுத்துச் சோதித்து, இது எலியினால் வருவதல்ல, மனிதன் மூச்சினாலேயே மனிதனுக்குப் பரவுகின்றது என்று கண்டு, யாவரும் வாயையும் மூக்கையும் பஞ்சும் துணியும் வைத்து மூடிக் கொள்ள வேண்டும் என்றார். அவரினும் மூத்தவரும் அனுபவசாலியுமான மேனி என்ற பிரெஞ்சு டாக்டர் இதை ஒப்புக் கொள்ளாமல், முகத்தை மூடாமலேயே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அவரும் அதே பிளேக்கில் மாண்டார். வெள்ளைத் தோலும் பெரிய பட்டமும் அவரைக் காப்பாற்றவில்லை. உறைபனியில் புதைக்க முடியாமல் ஆயிரக்கணக்காய்க் குவிந்து கிடந்த பிரேதங்களை, பிணத்தை எரிக்கலாகாது என்ற வழக்கத்தையும் மீறி, அரசரிடம் அனுமதி பெற்று வூ எரிக்கச் செய்தார். 1911 மார்ச்சு மாதத்தில் ஹார்பினில் நோய் ஓய்ந்தது. இங்கே ஜெயித்தது மேல் நாடும் அல்ல, கீழ் நாடும் அல்ல. சோதித்துப் பார்த்த அறிவு ஜெயித்தது.

இனி, "சீன வைத்தியத்திலிருந்துதானே மலேரியா மருந்து கிடைத்து, நோபெல் பரிசும் வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், வந்தது. அது எப்படி வந்தது என்பதைத்தான் ஆரம்ப மாணாக்கன் முதலில் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

1967 மே 23இல் சீன அரசாங்கம் மலேரியாவுக்கு மருந்து தேடும் வேலை ஒன்றை ரகசியமாக ஆரம்பித்தது. அதில் 1969இல் சேர்ந்த து யூயூ என்ற அம்மையார் பழைய நூல்களிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் 2000க்கு மேற்பட்ட குறிப்புகளைச் சேகரித்தார். சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380க்கு மேற்பட்ட சாறுகள் எடுத்து, மலேரியா பிடித்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. சிங்ஹாவ் என்ற செடியின் சாறு ஒரு தடவை பலித்தது, மறு தடவை பலிக்கவில்லை. அப்பொழுது, நாலாம் நூற்றாண்டில் கே ஹுங் என்பவர் எழுதிய அவசர வைத்தியக் குறிப்பு ஒன்றை அம்மையார் திரும்பவும் படித்தார். அதில் செடியைத் தண்ணீரில் ஊறப் போட்டுப் பிழிந்து குடிக்கச் சொல்லி இருந்ததே அல்லாமல், கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கின்றதோ என்று ஐயுற்று, குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதர் என்னும் திரவத்தினால் சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் 191ஆவது மாதிரி எலிகளிடம் இருந்த மலேரியாக் கிருமிகளை முற்றிலும் ஒழித்தது. 1972இல் அம்மையாரும் அவரோடு வேலை செய்த இருவரும் முதலில் தாங்களே அதை உட்கொண்டு பார்த்த பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இன்று அதன் வழி வந்த மருந்துகள் உலகமெங்கும் மலேரியாவுக்குக் கொடுக்கப்படுகின்றன. 2015இல் அம்மையாருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இதில் யின் எங்கே? யாங் எங்கே? மரம், மண், உலோகம் எங்கே? இன்னொரு விஷயம். அதே கே ஹுங் என்பவர், இரசமும் இலிங்கமும் கொண்டு செய்த குளிகையைச் சாப்பிட்டால் சாவே வராது என்றும் எழுதி வைத்தவர். இரசம் விஷம். காய்ச்சல் குறிப்பை எழுதியதும் அதே கை. சாகாக் குளிகையை எழுதியதும் அதே கை. முன்னோர் வாக்கு என்று கும்பிடுகின்றவன் இரண்டையும் விழுங்க வேண்டும். முன்னோர் எல்லாம் மூடர் என்று தள்ளுகின்றவன் இரண்டையும் எறிய வேண்டும். எலிக்குக் கொடுத்துப் பார்த்தவர் ஒருவர்தான் ஒன்றை எடுத்துக் கொண்டு மற்றொன்றை விட முடிந்தது. அன்றியும், சிங்ஹாவ் என்ற பேரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வழங்கி வந்தன. அவற்றில் ஒன்றில்தான் அந்த மருந்துச் சத்து உண்டு. எது என்று சொல்லப் பழைய நூல் போதவில்லை; ஆராய்ச்சிதான் சொல்லிற்று.

பேர்க் குழப்பத்தினால் வரும் ஆபத்தைப் பெல்ஜியம் தேசத்துப் பெண்கள் அறிவார்கள். 1990களின் ஆரம்பத்தில், உடல் இளைப்பதற்கென்று அங்கே ஒரு மருந்து நிலையத்தில் சீன மூலிகை கலந்து கொடுத்தார்கள். 'ஃபாங்ஜி' என்ற மூலிகைக்குப் பதிலாக, ஏறக்குறைய அதே பேருள்ள வேறொரு மூலிகை கலந்து விட்டது. அது நம் ஆடுதீண்டாப்பாளைச் செடியின் இனத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள விஷத்தினால் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. இந்த இனத்து மூலிகைகள் சீன வைத்தியத்தில் வெகு காலமாய் வழங்கியவை. சாப்பிட்டவனுக்குச் சிறுநீரகம் கெடுவது பல மாதங்களுக்கோ, புற்று வருவது பல வருஷங்களுக்கோ பிறகு. அதை நாடி பார்த்துச் சொன்னவர் யார்? கணக்கு எழுதி, ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்தான் சொன்னார்கள். 2003இல் சீன அரசாங்கமே அந்த இனத்து மூலிகை ஒன்றை மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்து விட்டது. "இயற்கை மருந்து, ஆகையால் கெடுதல் செய்யாது" என்று சொல்லுகின்றவர்களுக்கு, எட்டிக்காயும் இயற்கைதான் என்பதை ஞாபகப்படுத்துகின்றோம்.

ஊசி விஷயமும் பரீட்சைக்கு வந்தது. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேரை மூன்று கூட்டமாய்ப் பிரித்து, ஒரு கூட்டத்திற்குச் சீன முறைப்படிக்கான இடங்களில் ஊசி குத்தினார்கள். இரண்டாவது கூட்டத்திற்கு அவ்விடங்களை விட்டு வேறு இடங்களில் மேலாகக் குத்தினார்கள். மூன்றாவது கூட்டத்திற்கு வழக்கமான சிகிச்சை. முடிவு 2007இல் வெளியாயிற்று. முறைப்படி குத்தியதில் 100க்கு சுமார் 48 பேருக்கும், முறை தப்பிக் குத்தியதில் 100க்கு சுமார் 44 பேருக்கும், மூன்றாவது கூட்டத்தில் 100க்கு சுமார் 27 பேருக்கும் குணம் தெரிந்தது. ஊசி குத்திக் கொண்டவர்களுக்கு ஓரளவு ஆறுதல் கிடைத்தது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் சரியான இடமும் தவறான இடமும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருமானால், அந்த 361 இடங்களையும் 12 பாதைகளையும் மனப்பாடம் செய்வது எதற்காக? ஒருவர் கவனித்துப் பார்த்தார், தொட்டார், குணமாகும் என்றார் என்பதிலேயே வலி குறைவது உண்டு. வலி குறையலாம், காசநோய்க் கிருமி அதனால் சாகாது.

சீனாவில் நடந்த ஆரம்ப வகுப்புகளில் உண்மையாய்ப் பயன்பட்டது ஒன்று உண்டு. 1960களின் கடைசியில் குடியானவர்களில் ஆணும் பெண்ணுமாய்ப் பலரைப் பொறுக்கி, சில மாதங்கள் பயிற்சி கொடுத்து, 'வெறுங்கால் வைத்தியர்' என்ற பேரில் அவரவர் கிராமத்திற்கே அனுப்பினார்கள். மூலிகையும் ஊசியும் அவர்கள் பையில் இருந்தது வாஸ்தவந்தான். ஆனால் அம்மை குத்துவது, குடிதண்ணீரைச் சுத்தமாக வைப்பது, மலத்தை எருவாக்குமுன் கிருமி சாகச் செய்வது, பிரசவத்தில் கையையும் கருவியையும் சுத்தப்படுத்துவது, தன்னால் ஆகாத நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது ஆகியவைகளையும் அவர்கள் கற்றிருந்தார்கள். ஆஸ்பத்திரியையே கண்டிராத கிராமங்களில் உயிர்களைக் காத்தது இந்தப் பாடங்கள்தான். தன் எல்லை எது என்று தெரிந்த ஆரம்ப மாணாக்கன் ஊருக்கு உபகாரி. எல்லை தெரியாமல் பலகை மாட்டிக் கொள்கின்றவன் ஊருக்கு ஆபத்து.

ஆகவே, சீன வைத்தியம் கற்க வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அதன் சரித்திரத்தையும், அதன் சரக்குகளையும், அதில் சோதனைக்கு நின்றது எது, நில்லாதது எது என்பதையும் தாராளமாய்க் கற்கட்டும். ஆனால் முதற்பாடம் யின், யாங் அல்ல. "இது உனக்கு எப்படித் தெரியும்? யாருக்குக் கொடுத்துப் பார்த்தாய்? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா? குணமாகாதவர்கள், செத்தவர்கள் கணக்கை எழுதி வைத்தாயா?" என்ற நான்கு கேள்விகளே முதற்பாடம். இதை இங்கிலீஷ் டாக்டரிடமும் கேட்க வேண்டும். நாட்டு வைத்தியரிடமும் கேட்க வேண்டும். ஊசி வைத்தியரிடமும் கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக் கொள்ளுகின்றவர் யாராயிருந்தாலும், அவரிடம் உடம்பை ஒப்படைக்காதிருப்பது நலம்.

சான்றுப் பத்திரம் வாங்கி வந்த ஒருவர், நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை நோய் ஊசியை நிறுத்து, காசநோய் மாத்திரையை எறி, பிள்ளைக்குத் தடுப்பூசி வேண்டாம்" என்று சொல்வாரானால், அங்கே பந்தயமாக வைக்கப்படுவது அவருடைய பத்திரம் அல்ல, நம் வீட்டு உயிர் என்பதை ஒவ்வொருவரும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். இடுகாட்டில் நின்று பார்த்த வாங் சிங்ரனும், தாமே மருந்தைக் குடித்துப் பார்த்த து யூயூவும் சீனர்கள்தான். சீனாவிடமிருந்து ஏதேனும் கற்க விரும்புகின்றவர்கள் முதலில் அவர்களிடமிருந்து ஆரம்பிக்கும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.